வீட்டு போர்டிகோல கஸ்டம் புல்லட் கட்டுறது: அடிக்கடி கேக்குற கேள்விகள்

எங்க அப்பாவோட 1989 மாடல் புல்லட் 350 பதினோரு வருஷமா கோயம்புத்தூர் வீட்டு போர்டிகோல படுதா போட்டு மூடி நின்னுட்டு இருந்துச்சு. அத கடைசி நட்டு வரைக்கும் பிரிச்சு, தட்டையான சீட்டு, குட்டை மட்கார்டு, தாழ்வான ஹேண்டில்பாருன்னு என் மனசுக்குப் புடிச்ச மாதிரி திரும்பக் கட்டி முடிக்க எனக்கு பதினாலு மாசம் ஆச்சு, அதுவும் ஞாயித்துக்கிழமையும் லீவு நாளும் மட்டும்தான். அப்பறம் வண்டிய எங்க நிறுத்தினாலும் நாலு பேர் வந்து அதே கேள்விகளக் கேக்குறாங்க. ஒவ்வொருத்தருக்கும் நின்னு சொன்னத எல்லாம் ஒரே இடத்துல எழுதி வெக்கிறேன். நான் சொல்றதெல்லாம் பழைய காஸ்ட் அயர்ன் (வார்ப்பிரும்பு) இன்ஜின் புல்லட்ட வெச்சுதான், வேற வண்டின்னா அளவுகள் மாறும், செய்ற முறை பெருசா மாறாது.

ஜீரோல இருந்து வண்டி கட்டுறதுன்னா சேஸும் நாமளே செய்யணுமா?

செய்யலாம், ஆனா ரோட்டுல ஓட்ட முடியாது. இங்கிலாந்துல தனி ஆளு வீட்ல கட்டுன பைக்க டெஸ்ட் பண்ணி ரெஜிஸ்டர் பண்றதுக்குன்னே ஒரு வழி இருக்கு. நம்ம ஊர்ல வண்டிக்கு அப்ரூவல் வாங்குறதெல்லாம் கம்பெனிக்காரங்க புது மாடல் விடுறதுக்காக வெச்ச ஏற்பாடு, ஒத்த வண்டி கட்டுறவனுக்கு அது ஒத்து வராது. நீங்களே பைப் வளைச்சு சேஸ் செஞ்சா அதுக்கு நம்பரும் இல்ல ஆர்சியும் இல்ல. தனியார் எடத்துலயோ ட்ராக்லயோ ஓட்டிக்கலாம், செட்டிபாளையம் கரி ஸ்பீட்வே மாதிரி எடங்கள்ல கூட அவங்க சேஃப்டி ரூல்ஸுக்கு வண்டி பாஸ் ஆனாதான்.

அதனால ஆர்சி உயிரோட இருக்குற ஒரு பழைய வண்டிய வாங்கி, சேஸையும் இன்ஜினையும் அப்படியே வெச்சுக்கிட்டு மத்ததெல்லாம் நாம கட்டுறதுதான் சரியான வழி. வேலை அதுலயே மலையளவு இருக்கு, நம்புங்க.

மாடிஃபை பண்ணா புடிப்பாங்களா? சுப்ரீம் கோர்ட் தடை போட்ருச்சுன்னு சொல்றாங்களே?

இத முழுசா புரிஞ்சுக்காம ஸ்பானரத் தொடாதீங்க. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 என்ன சொல்லுதுன்னா, ஆர்சில இருக்குற விவரங்கள் கம்பெனி கொடுத்ததுல இருந்து மாறுற மாதிரி வண்டிய மாத்தக்கூடாது. 2019 ஜனவரில சுப்ரீம் கோர்ட் தீர்ப்பும் இதையேதான் அழுத்திச் சொல்லுச்சு. அதே வருஷம் சட்டத்தத் திருத்தி 182ஏ-ன்னு ஒரு பிரிவு சேத்தாங்க, அதுல அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபா அபராதமோ ஆறு மாசம் வரைக்கும் ஜெயிலோ, இல்ல ரெண்டுமோன்னு இருக்கு. ஒவ்வொரு மாற்றத்துக்கும்ங்கிற வார்த்தைய கவனிங்க.

நான் செஞ்சது என்னன்னா, மொத நாள் ஆர்சிய எடுத்து அதுல என்னென்ன எழுதியிருக்குன்னு ஒரு பேப்பர்ல எழுதி சுவத்துல ஒட்டிட்டேன். சேஸ் நம்பர், இன்ஜின் நம்பர், சிசி, எரிபொருள், கலர், சீட்டிங் கெபாசிட்டி 2. இதுல ஒன்னுலயும் கை வெக்கல. ஒத்த சீட்டு பாக்க அம்சமாத்தான் இருக்கும், ஆனா ஆர்சில ரெண்டு பேர்னு இருக்கே, அதனால ரெண்டு பேர் உக்கார்ற நீளத்துக்குத்தான் சீட்டு தெச்சேன். பின்னாடி உக்கார்றவங்களுக்கு கைப்பிடி, ஃபுட்ரெஸ்ட், சக்கரத்துல துணி மாட்டாம பாதி சக்கரத்த மறைக்கிற தடுப்பு, அதான் நாம சாரி கார்டுன்னு சொல்றது, இதெல்லாம் மத்திய மோட்டார் வாகன விதி 123-ல இருக்கு. எங்க அம்மாவ பின்னாடி உக்கார வெச்சு மருதமலை போகணும்னுதான் நான் கட்டவே ஆரம்பிச்சேன், அதனால சாரி கார்ட நான் யோசிக்காமயே மாட்டிட்டேன்.

கலர் மாத்தணும்னா ஆர்டிஓ ஆபீஸ்ல முன்னாடியே அப்ளை பண்ணி ஆர்சில ஏத்திக்கணும். இன்ஜின் மாத்துறதும் அப்படித்தான், முன் அனுமதி இல்லாம கூடாது. என்ன மாத்துறதா இருந்தாலும் பிரேக் இன்ஸ்பெக்டர்கிட்ட போய் நேர்ல கேட்டுட்டு செய்ங்க. இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்துல சொல்லிடுங்க, சொல்லாம விட்டா க்ளெய்ம் பண்ற அன்னிக்கு அதையே காரணமா காட்டுவாங்க.

எந்த வண்டிய வாங்கறது?

பேப்பர் சுத்தமா இருக்குற வண்டிய. எதுவுமே ஓடாத வண்டியா இருந்தாலும் பரவால்ல. பேப்பர் இல்லாம பாதி விலைக்கு ஒருத்தர் தர்றாருன்னா அது இரும்பு விலை, வண்டி விலை இல்ல.

பாக்கப் போறப்ப ஒரு கம்பி பிரஷ்ஷும் டார்ச்சும் எடுத்துட்டுப் போங்க. புல்லட்ல ஸ்டீரிங் ஹெட், அதாவது ஹேண்டில் சேஸோட சேர்ற எடத்துப் பக்கம் சேஸ் நம்பர் குத்தியிருப்பாங்க, அழுக்கச் சுரண்டி எழுத்து ஒவ்வொன்னையும் ஆர்சியோட ஒப்பிடணும். எழுத்து ஏறி எறங்கி இருந்தா, சுத்தி சாணை புடிச்ச தடம் இருந்தா திரும்பிப் பாக்காம வந்துருங்க. 15 வருஷம் தாண்டின வண்டின்னா அஞ்சு வருஷத்துக்கு ஒருக்கா ரெஜிஸ்ட்ரேஷன் புதுப்பிச்சிருக்கணும், பசுமை வரி கட்டியிருக்கணும், பழைய ஃபைனான்ஸ் இருந்தா அதோட என்ஓசி வேணும். எங்களுது அப்பா பேர்ல இருந்தும் கூட லேப்ஸ் ஆன ஆர்சிய உயிர் குடுத்து எழுப்பறதுக்கு நாலஞ்சு நடை ஆச்சு.

ஏன் புல்லட்டுன்னு கேட்டா, 1955-ல மெட்ராஸ்ல அசெம்பிள் பண்ண ஆரம்பிச்சதுல இருந்து காஸ்ட் அயர்ன் இன்ஜின் நிக்கிற வரைக்கும் அடிப்படை டிசைன் அவ்வளவா மாறவே இல்ல. 70 மில்லிமீட்டர் போர் (சிலிண்டரோட உள் விட்டம்), 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி எறங்குற தூரம்), 346 சிசி. பாகம் சென்னை புதுப்பேட்டைலயும் கிடைக்கும், இங்க உக்கடம் பழைய இரும்புக் கடைலயும் கிடைக்கும், கிடைக்காதத லேத்ல கடைஞ்சும் வாங்கிக்கலாம். ஆர்எக்ஸ் 100-லயும் அழகா பண்றாங்க, ஆனா அது 1996-லயே நின்னுபோன வண்டி, ஒரிஜினலா நல்லா இருக்குற ஒன்ன வெட்டிக் கெடுக்க எனக்கு மனசே வராது.

எவ்வளவு செலவாகும்?

நான் போட்ட கணக்கு ஒன்னரை லட்சம், முடிஞ்சது ரெண்டே கால் லட்சம். வண்டி வீட்டு வண்டி, அதுக்குக் காசு இல்ல. எங்க கணக்கு தப்புச்சுன்னு பின்னாடி நோட்டப் பாத்தப்ப இன்ஜின், டயர், பெயிண்ட் மாதிரி பெரிய ஐட்டம் எல்லாம் கிட்டத்தட்ட நெனச்ச விலைலதான் இருந்துச்சு. போல்ட்டு, நட்டு, வாஷர், பேரிங், ஆயில் சீல், கேபிள், கேஸ்கட், உப்புத்தாள், கட்டிங் வீல், கொரியர் இதெல்லாம் சேந்துதான் இழுத்துட்டுப் போயிருச்சு. தயவுசெஞ்சு நோட்டுப் போட்டு எழுதுங்க, நூறு ரூபா வாஷர் பாக்கெட்டையும் எழுதுங்க.

என்ன டூல்ஸ் வேணும்? வெல்டிங் மிஷின் வாங்கணுமா?

ரிங் ஸ்பானர் செட், சாக்கெட் செட், நல்ல பெஞ்ச் வைஸ், ஆங்கிள் கிரைண்டர், டிரில்லிங் மிஷின், அரம் மூணு நாலு வகை, வெர்னியர், டார்க் ரெஞ்ச், மல்டிமீட்டர். பழைய புல்லட்ல பல எடத்துல இங்கிலீஷ் மரை, விட்வொர்த் சைஸ் நட்டுதான் இருக்கும், அதுல மெட்ரிக் ஸ்பானரப் போட்டு அழுத்துனா முனை மழுங்கிப் போய் அப்பறம் உளி வெச்சுத்தான் கழட்டணும். அதுக்குன்னு ஒரு செட் பழைய இரும்புக் கடைலயே தேடி வாங்குங்க, பழசுதான் நல்ல இரும்பு.

வெல்டிங், சின்ன பிராக்கெட் மட்டும்னா வீட்டு சிங்கிள் ஃபேஸ்ல ஓடுற சின்ன இன்வெர்ட்டர் மிஷின் போதும். ஆனா உயிர் தொங்குற எடம் எதையும் நீங்க பத்த வெக்காதீங்க. பின் சக்கரத்தத் தாங்குற ஸ்விங் ஆர்ம், ஸ்டீரிங் ஹெட், ஷாக் அப்சார்பர் மவுண்ட், ஃபுட்ரெஸ்ட், பிரேக் ஆங்கர் இதெல்லாம் நல்ல கை வேலைக்காரர்கிட்ட குடுங்க. கண்ணாடி இல்லாம ஒரே ஒரு டேக், சின்னப் பொட்டு வெல்டிங் தானேன்னு பாத்தீங்கன்னா அன்னிக்கு ராத்திரி கண்ணுல மணல் அள்ளிப் போட்ட மாதிரி இருக்கும், தூங்கவே முடியாது. வண்டில பேட்டரி மாட்டியிருந்தா வெல்டிங்குக்கு முன்னாடி கழட்டி வெச்சிருங்க.

பிரிக்கும்போது என்ன கவனிக்கணும்?

போட்டோ. ஒவ்வொரு பாகத்தையும் கழட்டுறதுக்கு முன்னாடி மூணு பக்கத்துல இருந்து. வாஷர் எந்தப் பக்கம், ஒயர் எதுக்கு மேல போகுது, கேபிள் எதுக்கு உள்ள நுழையுதுன்னு எட்டு மாசம் கழிச்சு ஒருத்தருக்கும் ஞாபகம் இருக்காது. கழட்டுன நட்டு போல்ட்ட அந்தந்த பாகத்துக்குன்னு தனித்தனி ஜிப் கவர்ல போட்டு பேர் எழுதிருங்க. தூக்கிப் போடப் போற பாகத்தக் கூட கடைசி வரைக்கும் வெச்சிருங்க, அளவு பாக்க அதுதான் உதவும்.

சேஸ் பின்பக்கத்த வெட்டி லூப் (வளைஞ்ச பைப்) வெச்சாத்தானே கஃபே ரேசர், அதாவது பழைய ரேஸ் பைக் லுக் வரும்?

வெட்டாதீங்க. புல்லட் சேஸ்ல முன்னாடி எறங்குற பைப் கீழ வரைக்கும் போகாது, இன்ஜின் ப்ளேட்டோட நின்னுரும், அதுக்கு அப்பறம் இன்ஜினே சேஸோட ஒரு அங்கமா நின்னு பாரத்தத் தாங்குது. அந்த மாதிரி சேஸ்ல எந்தப் பைப் எவ்வளவு தாங்குதுன்னு கண்ணால பாத்துச் சொல்ல முடியாது. தெருவுக்குத் தெரு வெட்டித்தான் லூப் வெக்கிறாங்க, ஒன்னும் ஆகலையேன்னு சொல்லுவீங்க. குழில விழுந்து எந்திரிக்கிற ஒவ்வொரு தடவையும் வெல்டிங் ஓரத்துல மயிரிழை விரிசல் கொஞ்சங்கொஞ்சமா வளரும், அது பெயிண்டுக்கு அடில இருக்குறதால உங்களுக்குத் தெரியவும் தெரியாது.

நான் மட்கார்டு மாட்டுற ஒரிஜினல் ஓட்டைகளையே வெச்சு போல்ட்டுல மாட்டுற மாதிரி ஒரு தனி ஃப்ரேம் செஞ்சேன். மொதல்ல ஜி.ஐ. கம்பிய வளைச்சு மாதிரி பாத்து, அப்பறம் அட்டைல வெட்டிப் பாத்து, அதுக்கு அப்பறம்தான் பைப்ப வளைக்கக் குடுத்தேன். இதுக்காக சேஸ எங்கயும் வெட்டல. நாளைக்கே அப்பா பழைய சீட்டு வேணும்னாருன்னா ரெண்டு மணி நேரத்துல மாட்டிரலாம்.

சேஸ் நேரா இருக்கான்னு பாக்க வீட்லயே ஒரு வழி. ரெண்டு வீலும் மாட்டி வண்டிய நேரா நிறுத்தி, பின் டயர் ரெண்டு பக்கமும் தொடுற மாதிரி கொத்தனார் நூல முன்னாடி வரைக்கும் இழுத்துக் கட்டுங்க. முன் டயருக்கும் நூலுக்கும் உள்ள இடைவெளி ரெண்டு பக்கமும் ஒன்னா இருக்கணும். எங்களுதுல இடது பக்கம் ஆறு மில்லிமீட்டர் கூட இருந்துச்சு, பாத்தா பின் வீல் செயின் அட்ஜஸ்டர்தான் ஏறுக்கு மாறா இருந்துருக்கு, சேஸ் இல்ல. நூல் கட்டாம இருந்தா சேஸ் வளஞ்சிருச்சுன்னு எவனாவது சொல்லி ஹீட் வெச்சு அடிச்சிருப்பான்.

இன்ஜின் வேலைய நாமளே செய்யலாமா?

இன்ஜின் மேல்பாகத்தப் பிரிக்கிறது, வால்வு கிரைண்டிங் பேஸ்ட் போட்டு உக்கார வெக்கிறது, கிளட்ச் பிளேட் மாத்துறது எல்லாம் பொறுமை இருந்தா செய்யலாம். போர் ஏத்துறதும் (சிலிண்டர பெருசா கடையறது) கிராங்க் வேலையும் லேத்துக்குத்தான். பிஸ்டன் 20, 40, 60-ன்னு (இன்ச்ல ஆயிரத்துல ஒரு பங்கு கணக்கு) ஓவர் சைஸ்ல கிடைக்கும், பிஸ்டன மொதல்ல கைல வாங்கிக் குடுத்துட்டு அந்தப் பிஸ்டன அளந்துதான் போர் போடச் சொல்லணும், சைஸ் நம்பர் மட்டும் சொல்லிட்டு வராதீங்க. பழைய புல்லட்ல பிக் எண்ட்ல, அதாவது கனெக்டிங் ராடு கிராங்கோட சேர்ற எடத்துல, ரோலர் பேரிங் இருக்காது, சுத்துற புஷ் (உலோக வளையம்)தான். அதுக்கு ஆயில்தான் உயிர்.

டைமிங், பிளக்குக்குப் பொறி குடுக்குற பாயிண்ட்டோட கேப் 0.35-ல இருந்து 0.40 மில்லிமீட்டர். பாயிண்ட் தொறக்க ஆரம்பிக்கிற நேரத்துல பிஸ்டன் உச்சிக்கு 0.8 மில்லிமீட்டர் முன்னாடி இருக்கணும், வேகம் ஏற ஏற பொறிய முன்னாடி தள்ளுற அட்வான்ஸ் யூனிட் விரியாத நிலைல. டேப்பட் (வால்வு இடைவெளி) பாக்குறப்ப, இன்ஜின் ஆறியிருக்கும்போது வால்வத் தள்ளுற புஷ் ராடு விரலால திருப்புனா சுத்தணும், மேலயும் கீழயும் ஆடக்கூடாது.

பிரேக்குக்கு என்ன பண்ணீங்க?

இதுல நான் ரொம்ப நேரம் நின்னேன். பழைய வண்டி கட்டுறவங்க பெரும்பாலும் டேங்க், சீட்டு, சைலென்சர்னு ஆரம்பிச்சுட்டு பிரேக்குக்குப் புது லைனிங் மட்டும் மாட்டிட்டு விட்ருவாங்க.

எங்க வண்டில 7 இன்ச் முன் டிரம். புது ஷூ மாட்டியும் புடிக்கும்போது லீவர் கைல துடிக்குது, விட்டு விட்டுப் புடிக்குது. கணபதில எனக்குத் தெரிஞ்ச லேத் அண்ணன் ஒருத்தர் இருக்கார். வீலோட கொண்டுபோனேன். அவர் டிரம்ம மிஷின்ல ஏத்தி டயல் கேஜ் முள்ள உள்பக்கம் தொட வெச்சு மெதுவா கையால சுத்துனார். முள்ளு இந்தப் பக்கம் போச்சு, அந்தப் பக்கம் வந்துச்சு. "பாருங்க தம்பி, முட்டை மாதிரி இருக்குதுங்க. ஸ்போக்க எவனோ இஷ்டத்துக்கு முறுக்கியிருக்கான், டிரம்ம இழுத்துருச்சு"ன்னார். அப்பறம் ஸ்போக் கட்டுன நிலைலயே வெச்சு டிரம்ம லேசா கடைஞ்சார், ஸ்போக் இல்லாம தனி ஹப்ப கடைஞ்சு அப்பறம் கட்டுனா திரும்பவும் முட்டை ஆயிரும்னு சொன்னார். அதுக்கு அப்பறம் லைனிங்ல சாக்பீஸ் தடவி மாட்டி, ஒருதடவ சுத்திக் கழட்டி, சாக்பீஸ் எங்க அழிஞ்சிருக்கோ அந்த மேடு மட்டும் உப்புத்தாள் போட்டு, திரும்ப மாட்டின்னு ஏழெட்டு தடவ. கடைசில லைனிங் முழுசும் ஒரே சீரா அழிஞ்சுச்சு. இப்ப ரெண்டு விரல்ல புடிச்சா வண்டி நிக்குது.

பழைய டிரம்முக்குள்ள இருக்குற தூச கம்ப்ரஸர் காத்தால ஊதாதீங்க, பழைய லைனிங்ல ஆஸ்பெஸ்டாஸ் இருந்துருக்கும். ஈரத்துணியால தொடச்சு கவர்ல கட்டிப் போடுங்க.

ஸ்போக் வீல் கட்டுறது வீட்ல முடியுமா?

முடியும், மொத வீலுக்கு ஒரு முழு நாள் ஆகும். ஸ்விங் ஆர்ம்லயே வீல மாட்டி, பக்கத்துல ஒரு கேபிள் டைய ரிம்ம தொடுற மாதிரி கட்டி முள்ளா வெச்சுக்கலாம். 40 ஸ்போக். மேல கீழ ஆட்டத்த மொதல்ல எடுத்துட்டு அப்பறம் பக்கவாட்டு ஆட்டத்த எடுங்க, ஒரு தடவைக்கு கால் சுத்துக்கு மேல திருப்பாதீங்க. ஒரு மில்லிமீட்டருக்குள்ள வந்துட்டா போதும். பின்னாடி குண்டு டயர் வேணும்னு எல்லாரும் கேக்குறாங்க, ஒல்லி ரிம்ல குண்டு டயர் போட்டா டயர் ஓரம் உள்பக்கம் பிதுங்கி வளைவுல வண்டி சாய்க்கவே முரண்டு புடிக்கும், செயினும் ஒரசும்.

பழைய டேங்க்ல ஓட்டை இருக்கு, வெல்டிங் வெக்கலாமா?

காலி டேங்க்னு நெனச்சு நெருப்புக் கிட்ட கொண்டு போகாதீங்க. பெட்ரோல் இருக்குற டேங்க்க விட பெட்ரோல் ஆவி மட்டும் இருக்குற காலி டேங்க்தான் வெடிக்கும். பல வருஷம் காலியா கெடந்தாலும் துருவுக்கு அடில வாசம் தங்கியிருக்கும். சோப்புத் தண்ணி போட்டு பல தடவ கொதிக்கக் கொதிக்கக் கழுவி, வெல்டிங் வெக்கிற எடம் மட்டும் விட்டு மீதி முழுசும் தண்ணி நெப்பி, இதுல பழகின டேங்க் வேலைக்காரர் செய்யணும். நான் செய்யல, குடுத்துட்டேன்.

உள்பக்கத் துருவுக்கு வினிகர் ஊத்தி ரெண்டு நாள் ஊற வெச்சு, ஒரு கைப்பிடி அளவு நட்டுகளப் போட்டு குலுக்கி, சமையல் சோடா தண்ணில அலசி, உடனே காய வெச்சேன். காய வெக்கிறதுல ஒரு மணி நேரம் லேட் ஆனாலும் திரும்ப மஞ்சளாயிரும். ஓட்டை அடைச்சதுக்கு அப்பறம் சைக்கிள் பம்புல ரொம்ப மெல்லமா காத்து விட்டு சோப்பு நுரை தடவிப் பாருங்க, அழுத்தி அடிச்சா டேங்க் உப்பிரும்.

இப்ப பங்க்ல வர்றது இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால். அது தண்ணிய இழுக்கும், பழைய ரப்பர் டியூப்ப ஊற வெச்சு நொறுக்கும். பெட்ரோல் டியூப், டேப் வாஷர், கார்புரேட்டர் ஓ ரிங் எல்லாத்தையும் எத்தனால் தாங்குறதாப் பாத்து மாத்திருங்க. வண்டிய மாசக்கணக்கா நிறுத்தப் போறீங்கன்னா கார்புரேட்டர காலி பண்ணிட்டு நிறுத்துங்க.

கூம்பு ஏர் ஃபில்டர் மாட்டுனதுல இருந்து வண்டி இழுக்க மாட்டேங்குது, ஏன்?

ஒரிஜினல் ஃபில்டர் பாக்ஸக் கழட்டுனா காத்து கூட போகும், பெட்ரோல் அதே அளவு, கலவை மெலிஞ்சிரும். இ20-ஆலயும் அதே பக்கம்தான் சாயும், ரெண்டும் சேந்தா பிளக் வெள்ளையா வெந்துபோயிருக்கும், இன்ஜின் கொதிக்கும். கார்புரேட்டர்ல பெட்ரோல் விடுற மெயின் ஜெட்ட ஒரு சைஸ் ஏத்தி, கொஞ்ச தூரம் முழு த்ராட்டில்ல ஓட்டி, அப்படியே இன்ஜின ஆஃப் பண்ணி பிளக்கக் கழட்டிப் பாருங்க. காப்பிப் பொடி கலர் வரணும். நான் கடைசில ஒரிஜினல் பாக்ஸையே மாட்டிட்டேன், மழைக்கும் தூசிக்கும் அத விட நல்லது எதுவும் இல்ல.

சைலென்சர் சத்தம் எவ்வளவு வெக்கலாம்?

175 சிசிக்கு மேல இருக்குற வண்டிக்கு வெச்ச அளவு 80 டெசிபல். உள்ள தடுப்பே இல்லாத வெறும் பைப்ப மாட்டி, தூங்குற கொழந்தைங்கள எழுப்பிட்டுப் போறது எனக்கு சுத்தமா புடிக்கல. காஸ்ட் அயர்ன் இன்ஜினோட சத்தம் ஒரிஜினல் சைலென்சர்லயே அழகு, அதக் கெடுக்காதீங்க.

ஒயரிங் பயமா இருக்கு, எப்படி ஆரம்பிக்கிறது?

பேப்பர்ல. ஒவ்வொரு லைட்டுக்கும் தனியா ஒரு கோடு, பேட்டரில இருந்து ஃபியூஸ், சுவிட்ச், பல்பு, எர்த். ஹெட்லைட் 60 வாட்னா 12 வோல்ட்டுக்கு 5 ஆம்பியர், அதுக்கு 1.5 ஸ்கொயர் எம்எம் ஒயர், இண்டிகேட்டர் மாதிரி சின்னதுக்கு 0.75 போதும். ஒரே கலர் ஒயர் ரோல் மலிவா இருக்குன்னு வாங்கிராதீங்க, ராத்திரி ரோட்டோரம் நின்னு தேடும்போதுதான் அதோட அருமை தெரியும். புல்லட் அதிர்ற வண்டி, ஈயம் வெச்சு ஒட்டுன ஒயர் ஒட்டு முடியுற எடத்துல ஒடஞ்சிரும், நல்ல கிரிம்பிங் பிளையர் வாங்கி டெர்மினல் அழுத்தி ஸ்லீவ் போடுங்க.

எல்லாம் சரியா குடுத்தும் லைட்டு மினுக்கு மினுக்குன்னா எர்த்தப் பாருங்க. பவுடர் கோட்டிங் மேல போல்ட்டு போட்டு எர்த் ஒயர முறுக்கியிருப்பீங்க. கோட்டிங் கரண்ட்ட கடத்தாது. அந்த எடத்துல மட்டும் சுரண்டி பளபளன்னு இரும்பு தெரியணும், மாட்டுனதுக்கு அப்பறம் மேல கிரீஸ் தடவிருங்க.

பெயிண்ட் எப்ப அடிக்கிறது?

நூறு கிலோமீட்டர் ஓட்டுனதுக்கு அப்பறம். இந்த ஒன்ன மட்டும் கேட்டுக்கிட்டாலே எனக்குப் போதும்.

நான் இந்தத் தப்பச் செஞ்சேன். சேஸ் சுத்தமானதும் ஆசை தாங்கல, உடனே பவுடர் கோட்டிங்குக்கு அனுப்பிட்டேன். கடைக்காரங்க ஸ்டீரிங் பேரிங் உக்கார்ற எடத்தையும் போல்ட்டு மரையையும் மறைக்காம அப்படியே அடிச்சுட்டாங்க, நானும் மறைக்கச் சொல்லி எழுதிக் குடுக்கல. மரை ஒவ்வொன்னையும் மரை வெட்டுற டேப் விட்டு எடுக்க மூணு ஞாயித்துக்கிழமை போச்சு. அத விட, சேஸ் நம்பர் மேல கோட்டிங் கெட்டியா உக்காந்துருச்சு. ஆர்டிஓ ஆபீஸ்ல சேஸ் நம்பர் மேல பேப்பர் வெச்சு பென்சில தேச்சு எடுப்பாங்களே, பென்சில் பிரிண்ட், அதுல ஒரு எழுத்தும் விழல. பெயிண்ட் ரிமூவர பஞ்சுல நனச்சு, பல்குத்துற குச்சியால ஒவ்வொரு எழுத்தா நோண்டி எடுத்தேன். ஒரு எழுத்து சிதைஞ்சிருந்தாலும் முப்பத்தஞ்சு வருஷத்து ஆர்சி போயிருக்கும்னு நெனச்சா இப்பவும் வயித்தக் கலக்குது. அதுக்கும் மேல பேட்டரி தட்டுக்கு பிராக்கெட் வெக்க மறந்துருந்தேன், அதுக்காக கோட்டிங்க எரிச்சு வெல்டிங் வெச்சு அந்த எடம் இன்னைக்கும் வேற கருப்பாத்தான் இருக்கு.

அதனால, எல்லாத்தையும் வெறும் இரும்பாவே மாட்டுங்க. துரு வராம இருக்க எண்ணெய்த் துணியால தொடச்சுக்கங்க. இன்ஜின ஓட விடுங்க, பேப்பர், இன்சூரன்ஸ் எல்லாம் சரியா இருந்தா வீட்டுப் பக்கத்துலயே ஓட்டுங்க. எது எங்க ஒரசுது, எந்த கேபிள் ஹேண்டில் திருப்பும்போது இழுக்குது, பம்ப்ல டயர் மட்கார்ட தொடுதா, எல்லாம் அப்பத்தான் தெரியும். எல்லாத்தையும் சரி பண்ணிட்டு, திரும்ப முழுசா பிரிச்சு, நம்பர், மரை, பேரிங் எடம், எர்த் எடம் எல்லாத்தையும் நீங்களே டேப் ஒட்டி மறைச்சு, எழுதியும் குடுத்து, அப்பறம் பெயிண்டுக்கு அனுப்புங்க. ரெண்டு தடவ பிரிச்சு மாட்டணுமான்னு கேப்பீங்க. ரெண்டாவது தடவ ஒரே வாரத்துல முடிஞ்சிரும்.

வீட்ல திட்டாம எப்படி சமாளிச்சீங்க?

கட்டிங் வீல் சத்தம் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல இல்லன்னு பக்கத்து வீட்ல நானே போய் சொல்லிட்டேன். சீமெண்ணெய் ட்ரே, ஆயில் கேன் எல்லாம் மூடி போட்டு உயரத்துல. அம்மா கோலம் போடுற வாசல்ல ஒரு சொட்டு ஆயில் விழக்கூடாதுன்னு பழைய ஃப்ளெக்ஸ் பேனர விரிச்சு வெச்சேன். கழட்டுன ஆயில சாக்கடைல ஊத்தாதீங்க, பழைய ஆயில் எடுக்குறவங்ககிட்ட கேன்ல குடுங்க.

மொத தடவ ஸ்டார்ட் பண்ணும்போது என்ன செய்யணும்?

பிளக்க கழட்டிட்டு முப்பது நாப்பது கிக் அடிங்க, ஆயில் ஏறட்டும். வால்வ அழுத்துற ராக்கருக்குப் போற ஆயில் பைப் போல்ட்ட லேசா லூஸ் பண்ணிப் பாத்தா ஆயில் கசியணும். கசியலன்னா எவ்வளவு ஆசையா இருந்தாலும் ஸ்டார்ட் பண்ணாதீங்க, பம்ப்ப பாருங்க. அப்பறம் பிளக் மாட்டி, ஆம்பியர் மீட்டர் முள்ளு நடுவுக்கு வர்ற வரைக்கும் மெதுவா கிக்க அழுத்தி, சிலிண்டர் அழுத்தத்த விடுற டீகம்ப்ரஸர் லீவரப் புடிச்சு கொஞ்சம் தாண்ட விட்டு, லீவர விட்டுட்டு முழு உதை. எங்களுது ஒம்பதாவது உதைல புடிச்சுது. அப்பா உள்ள டிவி பாத்துட்டு இருந்தவர் எந்திரிச்சு வந்து, ஒன்னும் பேசல, டேங்க் மேல கைய வெச்சுக்கிட்டு கொஞ்ச நேரம் நின்னார். அப்பறம், "ஐடிலிங் ஜாஸ்தியா இருக்கு, கொஞ்சம் கொற"ன்னார்.

மொத 500 கிலோமீட்டர் 50-க்கு மேல போகாதீங்க, ஒரே வேகத்துலயும் இழுத்துப் புடிக்காதீங்க. 50 கிலோமீட்டர்ல எல்லா போல்ட்டும் ஒரு தடவ, 500-ல ஆயில் மாத்தி, டேப்பட், செயின், ஸ்போக் எல்லாம் திரும்ப ஒரு தடவ. ஸ்போக்க சின்ன ஸ்பானரால தட்டிப் பாருங்க, டிங்குன்னு கேட்டா சரி, டொக்குன்னு கேக்குற ஸ்போக்க மட்டும் கால் சுத்து ஏத்துங்க.